இரண்டு டப்பா வைத்திருந்த ஸ்டெல்லா அக்கா

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வண்டிகளுக்கு பாடி கட்டும் ஷெட் நடத்திவந்த ஸ்டெல்லா அக்கா, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரிச்சர்ட்ஸ் டவுனில் தன் வீட்டில் மாரடைப்பில் காலமானார். வயது அறுபத்தொன்று. நான் எஸ்.பி. ரோட்டில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய மேஸ்திரி பாஷா பாயின் பெயர் போனில் வந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் அக்கா ஒரு பெட்டி கட்டிங் டிஸ்க், கிரைண்டரில் மாட்டித் தகடு வெட்டும் வட்டு, கேட்டிருந்தார். அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, அவர் வாயைத் திறக்கும் முன்பே, "பத்து மணிக்கு வந்துடும் பாய், வண்டியில ஏத்தியாச்சு" என்றேன். பிறகுதான் சொன்னார். பெட்டியை நான் இறக்கவில்லை. அக்கா கேட்ட சரக்கு பத்து மணிக்கே ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தாமதமானால் அவருக்குப் பிடிக்காது.

அடக்கத்துக்கு வந்திருந்த உங்களில் பலர் கல்லறைத் தோட்டத்து வாசலில் காபி குடித்திருப்பீர்கள். தட்டு இட்லியும் இருந்தது. அல்சூர் கனகா யாரிடமும் கேட்காமல் தன் சாப்பாட்டு வண்டியைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தி, பக்கவாட்டுக் கதவைத் தூக்கி, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தவர்கள் இரண்டாவது இட்லிக்குச் சட்னி கேட்டார்கள். அக்கா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அந்த வண்டி அவர் கட்டியது.

அதே வண்டியை ஒரு தடவை நான் கெடுத்தேன். இது ஷெட் ஆட்களையும் கனகா வீட்டாரையும் தவிர அங்கே காபி குடித்த யாருக்கும் தெரியாது. கனகாவின் பிழைப்பே அன்றைக்குப் போயிருக்க வேண்டியது. அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள் அவர் வீட்டார். நல்லதைச் சொல்ல வேண்டுமானால் என் தப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வியாபாரி தன் தப்பை எழுதிக் கொடுப்பது அபூர்வம். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆம்பூரிலிருந்து பத்தொன்பது வயதில் பெங்களூர் வந்தவன். எஸ்.பி. ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் பல வருஷம் பார்சல் கட்டிவிட்டு, ஒரு சந்துக்குள் எட்டடிக்குப் பத்தடி இடத்தில் சொந்தமாக வெட்டுக் கருவிகள் விற்க உட்கார்ந்தேன். அந்த முதல் வருஷம் ஒரு நாள் அக்கா வந்தார். கையில் காய்கறிப் பை. உள்ளே கத்தரிக்காய் இல்லை, தகட்டுத் துண்டுகள்.

"சார், வண்டி பாடிக்கு இந்தத் தகட்டை வெட்டணும். என்ன இருக்கு?"

பெண் தனியாக வந்திருக்கிறார், விவரம் தெரியாது என்று கணக்குப் போட்டேன். கடையிலேயே விலை அதிகமான, மின்சாரச் சுடரால் தகட்டை உருக்கி வெட்டும் பிளாஸ்மா மிஷினைக் காட்டி, "அல்வா மாதிரி வெட்டும் மேடம்" என்றேன்.

"அல்வா கத்தியில ஒட்டும் சார். வெட்டிக் காட்டுங்க."

வெட்டிக் காட்டினேன். மெல்லிய தகடு. சூட்டில் நெளிந்தது, ஓரமெல்லாம் உருகிய பிசிறு. அக்கா பைக்குள்ளிருந்து ஒரு பழைய நைலான் துப்பட்டாவை எடுத்து, வெட்டிய ஓரத்தில் வைத்து மெதுவாக இழுத்தார். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டது.

"இந்த ஓரத்தைச் சரி பண்ண ஒரு ஆள் அரை மணி நேரம் கிரைண்டர் பிடிக்கணும். உங்க மிஷின் வெட்டினது ஒரு நிமிஷம். அப்போ இது ஒரு நிமிஷ மிஷினா, முப்பத்தோரு நிமிஷ மிஷினா?"

பின்னால் தூசி படிந்து கிடந்த நிப்ளரைக் காட்டினேன். தகட்டைப் பிறை பிறையாகக் கடித்துக்கொண்டே போகும் கருவி. சூடும் இல்லை, பொறியும் இல்லை. பிளாஸ்மாவோடு பார்த்தால் விலை கால்வாசிகூட இல்லை. அது வெட்டிய ஓரத்தை அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் துப்பட்டாவை வைத்தார். வழுக்கிக்கொண்டு போனது. "வண்டிக்குள்ள ஆளுங்க உரசிக்கிட்டுத்தான் நிப்பாங்க சார். ஒரு பொம்பளைப் புடவை மாட்டிக் கிழிஞ்சா என் பேரும் சேர்ந்து கிழியும்" என்று சொல்லி, நிப்ளரை வாங்கிக்கொண்டு போனார். எட்டு மாதம் கழித்து, தடித்த தரைத் தகடு வெட்டும் வேலை வந்தபோது, அதே பிளாஸ்மாவைக் கேட்டு அவராகவே வந்தார். "அன்னிக்கு வேண்டாம்னது மிஷினை இல்ல. அந்தத் தகட்டுக்கு அது வேண்டாம்னேன்."

"வெட்டுற நேரத்தைக் கேட்காதீங்க. வெட்டின பிறகு எவ்வளவு வேலை மிச்சம்னு கேளுங்க" என்பது அவர் அடிக்கடி சொல்வது. இதை நான் சொந்தச் சரக்கு மாதிரி நூறு பேரிடம் சொல்லி வியாபாரம் செய்திருக்கிறேன். இப்போதாவது யாருடையது என்று சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு இந்தத் தொழில் யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. ஒரு பஸ் பாடி கம்பெனியில் பில் போடும் வேலையில் இருந்தவர். கம்பெனியை மூடியபோது, அங்கே வெல்டராக இருந்த பாஷா பாயைக் கூட்டிக்கொண்டு, லிங்கராஜபுரத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தார். "பில் போட்டவளுக்குத்தான் எந்த வேலையில எவ்வளவு தகடு வீணாப் போச்சுன்னு தெரியும்" என்பார். பல் டாக்டருக்கு வண்டி, கல்யாண பேண்டு கோஷ்டிக்கு வண்டி என்று கேட்டதையெல்லாம் கட்டினார். ஒரு தடவை நாய்களுக்கு முடி வெட்டும் வண்டி. அதன் சொந்தக்காரர் அவசரக்காரர். பக்கவாட்டுத் தகட்டில் ஜன்னல் வெட்டும் முன், அக்கா நாலு மூலையிலும் முதலில் வட்டத் துளை போடச் சொன்னதைப் பார்த்து, "எதுக்கு மேடம் நேரம் வேஸ்ட், நேரா வெட்டுங்க" என்றார்.

"வீடு நிக்கிற சாமான் சார். வண்டி ஆடுற சாமான். மூலை கூரா இருந்தா ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் அங்கிருந்துதான் தகடு கிழியும். வட்டமா இருந்தா கிழியாது."

"பெங்களூர்ல ஸ்பீடு பிரேக்கர் எங்க இருக்கு? எல்லாம் பள்ளம்தான்."

"அப்போ துளையை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடறேன்."

அந்த நாய் வண்டி இன்னும் மல்லேஸ்வரம் பக்கம் ஓடுகிறது. ஜன்னல் மூலையைப் பார்ப்பவர்கள் பார்க்கலாம்.

இனி கனகா விஷயம். கனகா அபார்ட்மெண்டுகளில் சமையல் வேலை செய்துவந்தவர். கணவர் தேவராஜ் ஒரு ஐ.டி. கம்பெனிக்கு கேப் ஓட்டினார். இரண்டு பேரும் பழைய சரக்கு வண்டி ஒன்றை வாங்கி, அதில் சமையலறை கட்டித் தரச் சொல்லி அக்காவிடம் வந்தார்கள். பெரிய கம்பெனி ஒன்றின் வளாகத்துக்குள் காலையும் மதியமும் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும் போலிருந்தது. ஒரு நிபந்தனை. உள்ளே சமையல் மேடை, சுவர், தொட்டி எல்லாம் எவர்சில்வராக இருக்க வேண்டும், கம்பெனி ஆள் நேரில் வந்து பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பார்க்க வரும் நாள் வெள்ளிக்கிழமை என்று குறித்துவிட்டார்கள். அந்த இடத்துக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டிக்காரர்கள் காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தவறினால் அவ்வளவுதான். இதை நம்பி இரண்டு பேருமே வேலையை விட்டிருந்தார்கள்.

ஷெட்டில் எவர்சில்வர் வேலைக்கு அக்கா ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். பட்டறைப் பேச்சில் எவர்சில்வருக்கு எஸ்.எஸ்., சாதாரண இரும்புக்கு எம்.எஸ். டிஸ்க் புதிதாக இருக்கும்போது எதை வேண்டுமானாலும் வெட்டலாம், இரண்டுக்கும் ஒரே டிஸ்க்தான் நான் கொடுப்பேன். ஆனால் ஒரு தடவை இரும்பில் ஓடிவிட்டால் அதை எவர்சில்வர் பக்கம் கொண்டுபோகக் கூடாது. டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் வெட்டும்போது தெறித்து, சுற்றியுள்ள பளபளப்பில் எல்லாம் பதிந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஈரம் பட்டுச் சில நாளில் பழுப்புப் புள்ளி கிளம்பும். "எவர்சில்வர் தானாத் துருப் பிடிக்காது. அடுத்தவன் துருவை வாங்கிக்கும்" என்பார் அக்கா. அதனால் ஓடிய டிஸ்க்குகளுக்கு இரண்டு டப்பா. எஸ்.எஸ்.ஸில் ஓடியதற்கு நீல மூடி, எம்.எஸ்.ஸில் ஓடியதற்குச் சிவப்பு பிஸ்கெட் டப்பா. டப்பா மாற்றி வைத்தவனுக்கு அன்றைக்கு டீ கிடையாது.

அந்த வருஷம் கனகா வண்டி பாதியில் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. அக்கா சர்ச்சுக்குப் போகிறவர், பாஷா பாய் மசூதிக்குப் போகிறவர். ஆனால் ஷெட்டில் பூஜை ஒரு வருஷமும் நின்றதில்லை. பூசணிக்காய், பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் அக்கா செலவு. சாமிக்கு முன்னால் நிற்க ஒரு ஆள் வேண்டுமே, அது நான். கடை பூஜையைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு போய்விடுவேன். அங்கே எனக்குக் கிடைத்த மரியாதை வேறெங்கும் கிடைத்ததில்லை. அந்த மரியாதையில் தலை கொஞ்சம் கனத்துப்போயிருக்க வேண்டும்.

கருவிகளையெல்லாம் துடைத்து மேஜையில் அடுக்கினோம். கிரைண்டர், நிப்ளர், துளை போடும் மிஷின். முன்னால் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. நான் இரண்டு டப்பாவையும் திறந்து டிஸ்க்குகளைத் தட்டில் கொட்டினேன். வேலை செய்யும் பையன்களில் ஒருவன், "அண்ணா, அது தனி, இது தனி" என்றான்.

"சாமி முன்னாடி எஸ்.எஸ். என்ன, எம்.எஸ். என்ன? எல்லாம் ஒண்ணுதான், வைடா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு இன்னும் உற்சாகம். பெரிய டிஸ்க் வெளிவட்டம், சின்னது உள்வட்டம், நடுவில் எலுமிச்சம்பழம். தாமரைப்பூ மாதிரி வந்தது. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். அக்கா போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். பாஷா பாய் பூசணிக்காய் உடைக்க வெளியே போயிருந்தார்.

பூஜை முடிந்து எல்லோரும் பொரி தின்றுகொண்டிருந்தபோது, உதவியாக இருக்கட்டும் என்று டிஸ்க்குகளை நானே திரும்ப டப்பாவில் போட்டேன். கடைக்காரன் புத்தி. பெரியதெல்லாம் நீல மூடியில், சின்னதெல்லாம் சிவப்பில். அளவு பார்த்து நேர்த்தியாக அடுக்கினேன். என் கடையில் அப்படித்தான் அடுக்குவோம்.

அடுத்த சனிக்கிழமை வண்டி முடிந்து போனது. கண்ணாடி மாதிரி மின்னியது. திங்கட்கிழமை கனகா பால் காய்ச்சி, கழுவித் துடைத்து வைத்திருக்கிறார். மழை நாள், வண்டிக்குள் ஈரம் காயவில்லை. செவ்வாய் காலையில் பார்த்தால் சமையல் மேடை முழுக்கக் கடுகு தாளித்த மாதிரி பழுப்புப் புள்ளி.

எனக்கு அக்கா போன் செய்தார். "கடைக்காரரே, எனக்கு என்ன டிஸ்க் கொடுத்தீங்க? ஒரிஜினலா, இல்ல உங்க ரோட்டு ஒரிஜினலா?"

எனக்குச் சுருக்கென்றது. எஸ்.பி. ரோட்டில் ஒருவன் போலிச் சரக்கு விற்றான் என்று பேர் வந்தால் அது சாயங்காலத்துக்குள் கடைசிக் கடை வரைக்கும் போய்விடும். கம்பெனி பில்லையெல்லாம் எடுத்துக்கொண்டு சண்டைக்குத் தயாராகப் போனேன். அங்கே வண்டி திரும்பி வந்து நின்றிருந்தது. கனகா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னைப் பார்த்ததும், "அண்ணா, எனக்குப் பளபளப்பு வேணாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேணும். வேலையை விட்டுட்டு வந்துட்டோம்" என்றார்.

நான் பில்லை நீட்டினேன். அக்கா அதைத் தொடவே இல்லை. "காகிதம் வேண்டாம். வெட்டிப் பார்ப்போம்" என்றார். புது எவர்சில்வர்த் தகடு இரண்டு துண்டு. ஒன்றை என் சீல் பிரிக்காத பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க்கால் வெட்டினார், இன்னொன்றை நீல டப்பாவில் இருந்த டிஸ்க்கால். இரண்டின் மேலும் ஈரத்துணி போட்டு, "நாளைக்குக் காலையில வாங்க" என்றார். கோபத்தில் இருக்கும்போதும் அவருக்குச் சோதனைதான் முதலில்.

புதன்கிழமை காலை துணியை எடுத்தார். என் பெட்டி டிஸ்க் வெட்டிய துண்டு சுத்தம். நீல டப்பா டிஸ்க் வெட்டியதில் ஓரம் முழுக்கப் பழுப்பு.

"உங்க சரக்கு சுத்தம், கடைக்காரரே. நேத்து கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்று அக்கா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். டீயும் வந்தது. நானும் பெரிய மனசு பண்ணி, "பரவாயில்லக்கா" என்று சொல்லிக் குடித்தேன்.

குடித்துக்கொண்டே நீல டப்பாவைப் பார்த்தேன். டிஸ்க்கின் நடு வளையத்தில் பாதி அழிந்த சந்தனப் பொட்டு. எல்லாம் பெரிய அளவு. சின்னது ஒன்றுகூட இல்லை. அந்த நிமிஷம் எனக்குப் புரிந்துவிட்டது.

அக்கா பாஷா பாய் பக்கம் திரும்பினார். "பாய், டப்பா உங்க பொறுப்பு."

"அக்கா, நான் நீல டப்பாவுல இருந்துதான் எடுத்தேன். அல்லாஹ் சத்தியமா."

"நீல டப்பாவுக்குள்ள இரும்பு டிஸ்க் எப்படி வந்தது?"

"தெரியலக்கா."

"இத்தனை வருஷத்துல முதல் தடவையா உங்ககிட்ட இருந்து 'தெரியல' கேட்கறேன்."

பாஷா பாய் கையுறையைக் கழற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து மேஜையில் வைத்தார். "நம்பிக்கை போயிட்டா நான் நிக்கிறது சரியில்லக்கா. வெள்ளிக்கிழமை வேலையை முடிச்சுக் கொடுத்துட்டுப் போறேன்" என்றார்.

அந்த நேரத்தில் என் மனசுக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். சொன்னால் இந்த ஷெட் வியாபாரம் போகும். அப்போது என் கடையின் பெரிய வாடிக்கை அக்காதான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சரக்கு சுத்தம் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். இவ்வளவையும் யோசித்து முடிக்கும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. டீ ஆறிப்போயிற்று. பாஷா பாய் தன் டிபன் டப்பாவை எடுக்க உள்ளே நடந்தபோதுதான், "பாய், நில்லுங்க. அது நான்" என்றேன்.

தாமரையிலிருந்து அளவு பார்த்து அடுக்கியது வரை சொன்னேன். அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போனை எடுத்து அந்த பூஜை போட்டோவைத் தேடிப் பிடித்தார். விரலால் பெரிதாக்கி எண்ண ஆரம்பித்தார்.

"வெளிவட்டம் இருபத்திரண்டு. உள்வட்டம் பதினாலு. எல்லாமே அழுக்கு." கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பார்க்க நல்லாத்தான் இருக்கு. அதான் இன்னும் எரிச்சலா வருது."

கனகா எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க பூ கட்டற வேலைக்குப் போயிருக்கலாம். நான் பிழைச்சிருப்பேன்" என்றார். முதலில் சிரித்தது பாஷா பாய்தான். பிறகு அக்கா. சிரித்து முடித்ததும் பாஷா பாயின் கையுறையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, "பாய், அவசரப்பட்டுக் கேட்டுட்டேன். தப்பு" என்றார். அடுத்ததாக என் பக்கம் திரும்பிய முகத்தில் சிரிப்பு இல்லை.

"இப்போ சட்டையைக் கழட்டுங்க கடைக்காரரே. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு."

அந்த இரண்டு நாள் எனக்குக் கடை இல்லை. முப்பத்தாறு டிஸ்க்கையும் முதலில் குப்பையில் போட்டார். பிறகு கருவி தேர்ந்தெடுப்பது. நான் என் வழக்கப்படி, "கிரைண்டர்ல சாணைக்கல் போட்டு மேலாக ஓட்டிடலாம்க்கா, சீக்கிரம் போயிடும்" என்றேன்.

"பதிஞ்ச இரும்பை இன்னும் உள்ள அழுத்தறதுக்கா? மறுபடியும் கேட்கறேன், அதுக்கப்புறம் எவ்வளவு வேலை மிச்சம்?"

கடையிலிருந்து நைலான் நார் டிஸ்க்குகளை வரவழைத்தேன். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் மாதிரி இருக்கும், உலோகமே கிடையாது. மேலே ஒட்டியதை அது எடுத்தது. உள்ளே பதிந்ததை எடுக்க பிக்ளிங் பேஸ்ட். அது அமிலம். தடித்த ரப்பர் கையுறையும் முகக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, மேடை, சுவர், தொட்டி எல்லாவற்றிலும் பிரஷ்ஷால் பூசி, நேரம் பார்த்து, திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். மூலை முடுக்கெல்லாம் எனக்கு ஒதுக்கினார். தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை செய்தேன். பாஷா பாய் டார்ச் பிடித்து, "அண்ணா, இடது பக்கம் ஒரு இதழ் விட்டுட்டீங்க" என்பார். அந்த இரண்டு நாளும் புள்ளிக்கு ஷெட்டில் பெயர் இதழ்தான்.

வியாழக்கிழமை மதியத்துக்குள் முடித்து, மேடை முழுக்க ஈரத்துணி விரித்தோம். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் துணியை எடுத்தது கனகா. மேடை ஓரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு அடியாக மடித்துக்கொண்டே போனார். கடைசி மடிப்பு வந்ததும், குனிந்து அந்தத் தகட்டில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். "என்னக்கா, இப்படிக் கறுத்துப்போயிருக்கேன்" என்றார். புள்ளி ஒன்றுகூட இல்லை.

கம்பெனி ஆள் பதினோரு மணிக்கு வந்தார். வெள்ளைக் காகிதத்தால் மேடையைத் துடைத்துப் பார்த்தார், தொட்டிக்கு அடியிலும் கையை விட்டார். காகிதம் வெள்ளையாகவே வெளியே வந்தது. தீயணைக்கும் சிலிண்டரைக் கதவுப் பக்கம் மாற்றச் சொன்னார். அது பத்து நிமிஷ வேலை. பிறகு, இதை யார் கட்டியது என்று கன்னடத்தில் கேட்டார். கனகா அக்காவைக் காட்டினார். அக்கா பாஷா பாயைக் காட்டினார். நான் யாரும் என்னைக் காட்டிவிடக் கூடாதே என்று டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கனகாவுக்கு அந்த இடம் கிடைத்தது. இன்றைக்கும் அங்கேதான் வண்டி நிற்கிறது. இப்போது இரண்டாவது வண்டியும் ஓடுகிறது, அதுவும் அதே ஷெட்டில் கட்டியது.

அன்று சாயங்காலம் அக்கா என்னை உட்காரவைத்துப் பேசினார். நார் டிஸ்க்கும் பேஸ்ட்டும் என் பொறுப்பு, காசு வேண்டாம் என்றேன்.

"ஓசியில கொடுத்தா நீங்க இன்னியோட மறந்துடுவீங்க. எனக்கு நீங்க மறக்கக் கூடாது" என்றார். சரக்கை அடக்க விலைக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் நேரில் ஷெட்டுக்கு வந்து, இரண்டு டப்பாவையும் கொட்டி, ஒவ்வொரு டிஸ்க்கையும் பையன்களிடம் கேட்டுக் கேட்டுப் பிரித்து வைக்க வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. டிஸ்க் விலையில் பத்து சதவீதம் கழிவு கேட்டார், ஐந்து என்றேன். ஆறில் நின்றது. மதியச் சாப்பாடு ஷெட் செலவு.

அதை நான் தண்டனை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆறு மாதத்துக்குள் தெரிந்தது, என் வியாபாரத்திலேயே லாபமான நாள் அந்தச் சனிக்கிழமைதான். எந்த டிஸ்க் எதில் எவ்வளவு நேரம் உழைக்கிறது, எது சீக்கிரம் தேய்கிறது, எதைப் பையன்கள் ஒளித்து வைத்துக்கொண்டு உபயோகிக்கிறார்கள் என்பதையெல்லாம் நான் அந்த டப்பாக்களிடம்தான் கற்றுக்கொண்டேன். மற்ற கடைக்காரர்கள் கேட்டலாகைப் படித்து விற்றார்கள், நான் குப்பையைப் பார்த்து விற்றேன். என்னுடைய எட்டடிக்குப் பத்தடி இன்றைக்கு மூன்று மாடியானதில் அந்தச் சனிக்கிழமைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இதை அக்காவிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கழிவைக் கூட்டச் சொல்லியிருப்பார்.

அவர் போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை, போவதா வேண்டாமா என்று யோசிக்காமல் கிளம்பிவிட்டேன். ஷெட் திறந்திருந்தது. அக்காவின் தங்கை மகள் கணக்கைப் பார்த்துக்கொள்ள, வேலையைப் பாஷா பாய் நடத்துவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். கல்லூரி ஒன்றுக்கு ரத்ததான வண்டி, பாதி கட்டி நின்றது. நான் தரையில் உட்கார்ந்து நீல டப்பாவைக் கொட்டினேன். பாஷா பாய் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா, ஒப்பந்தம் அக்காவோட போட்டது. இப்போ ஆள் மாறியாச்சு. புதுசாப் பேசணும்."

"பேசலாம் பாய். அதே ஆறு."

"எட்டு."

"பாய், நியாயமாப் பேசுங்க."

"பேரம் எங்க கத்துக்கிட்டேன்னு உங்களுக்குத் தெரியும்."

அக்காவிடமிருந்து எனக்கு என்று ஒரு சாமானும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. போட்டோகூட ஷெட்டில்தான் இருக்கிறது. நான் வைத்திருப்பது அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான், அதை விட்டுவிட எனக்கு மனசில்லை. அதனால் பேரத்தை நீட்டாமல் முடித்துக்கொண்டேன். டிஸ்க்குக்கு ஏழு சதவீதம் கழிவு. சரக்கு வந்த பதினைந்தாம் நாள் பணம். மாதத்தின் முதல் சனிக்கிழமை பத்து மணிக்கு நான் நேரில் வர வேண்டும். வராத மாதம் கழிவு பத்து சதவீதம். மதியச் சாப்பாடு ஷெட் செலவு.